ஒரு வீட்டுக்கு ஓர் அலமாரி

அக்காவின் மாமியாரை நேரில் பார்த்தால் நான் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவேன். எழுதும்போது அவள், இவள்தான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் வாய்க்கு அதுவே அதிகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குடவாசலிலிருந்து அவள் போன் வந்தபோது, நான் நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் கையோடு எடுத்தேன்.

“ஒங்கக்கா என்ன காரியம் பண்ணிக்கிட்டிருக்கா, தெரியுமா ஒனக்கு?”

“என்னங்க அத்தை?”

“சீட்டு ஆடுறா. போன்ல. காசு வச்சு. எம்புள்ள அங்க வெயில்ல வெந்து கெடக்கான், இங்க இவ காலாட்டிக்கிட்டுச் சீட்டு ஆடுறா. இன்னும் என்னென்ன கண்றாவியோ போட்டிருக்கு, வாயால சொல்ல முடியல. நீயே பாரு. ஒங்க கம்பெனி அவனுக்கு அனுப்புனதுதானே அது?”

எங்கள் கம்பெனி அனுப்பியதுதான்.

நான் வேலை பார்ப்பது தஞ்சாவூரில், ஓர் உரக்கடையின் மாடியில். படியேறும்போதே யூரியா வாடை அடிக்கும். கேபிள்காரர்களுக்காக நாங்கள் ஒரு பெட்டி செய்கிறோம். ஊருக்கு ஒரு பெட்டி போதும், அந்த ஊரில் நெட் வாங்கிய வீடுகள் எல்லாம் அதன் வழியாகத்தான் வெளியே போகும். பெட்டிக்குள் லினக்ஸ் ஓடுகிறது. என் வேலை அதன் கெர்னலில். யாரும் பார்க்காத, எந்தத் திரையிலும் தெரியாத நடு இடம் அது. உறவுக்காரர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முயன்று வெகுநாள் ஆகிறது. “கம்ப்யூட்டர்ல இருக்கா” என்பதோடு அவர்கள் முடித்துக்கொள்வார்கள், நானும் விட்டுவிடுவேன்.

ஆனால் இங்கே கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. அந்தப் பெட்டியை ஒரு கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் தனி அறை, தனி வாசல், தனிப் பூட்டு. இந்த அறையில் இருப்பவருக்கு அந்த அறை இருப்பதே தெரியாது. இதை நேம்ஸ்பேஸ் என்கிறோம். கெர்னல்தான் மண்டபத்து மேனேஜர். அவரிடம் வந்து வேலைக்குச் சேரும் துண்டு நிரலுக்கு மாட்யூல் என்று பேர். சேரும்போதே அது சொல்லிவிட வேண்டும்: ‘ஒவ்வொரு அறையிலும் எனக்கு இன்ன அளவில் ஓர் அலமாரி வேண்டும்.’ மேனேஜர் அதற்கு ஓர் எண் கொடுப்பார். இருக்கிற அறைகளில் எல்லாம் அலமாரி போடுவார். நாளைக்குப் புதிதாக ஓர் அறை திறந்தால் அதிலும் போடுவார். அறையைக் காலி செய்தால் அலமாரியையும் எடுத்துவிடுவார். எந்த அறை, என் எண் என்ன, இந்த இரண்டையும் சொன்னால் அந்த அறையின் அலமாரி மட்டும் திறக்கும். பக்கத்து அறையின் சாமான் கைக்கு வராது.

நாங்கள் அந்த அலமாரியில் வைத்தது என்ன தெரியுமா? அந்த வீட்டிலிருந்து எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்கிற பட்டியல்.

வேவுதான். வேறு பேர் சொல்லி மழுப்ப மாட்டேன். யோசனை எங்கள் முதலாளியுடையது. பாய் பல வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். “நான் அங்க இருந்தப்ப, வீட்டுல வெளக்கு எரியுதா, புள்ளைங்க படிக்குதா, ஒன்னும் தெரியாமப் பைத்தியம் புடிச்சு நின்னேம்மா. இப்ப இருக்கிற பசங்களுக்காவது ஒரு நிம்மதி இருக்கட்டுமே” என்றார். அவர் மனதில் இருந்தது விளக்கு எரிகிறதா என்பதுதான். கடைசியில் வந்து நின்றது வேறு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நெட்டுக்குப் பேர் கொடுத்தவரின் போனுக்கு ஒரு பட்டியல் போகும். ஒவ்வொரு தளத்துக்கும் பக்கத்தில், அது என்ன வகை என்று தமிழில் ஒரு வார்த்தை. கல்வி, சமையல், சூதாட்டம். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஊர் ஊராக எங்கள் பெட்டியை வாங்கினார்கள். வெளிநாட்டில் புருஷன் இருக்கிற வீடு இந்தப் பக்கத்தில் எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா வீடும் அதில் ஒன்று. அத்தான் துபாயில் ஏதோ ஒரு குளிர்சாதனக் கம்பெனியில் மேற்பார்வை. அக்கா குடவாசலில் மாமியாரோடும், ஆறாவது படிக்கும் மகளோடும். நிலம், குத்தகை, ஆள் வைப்பது எல்லாம் மாமியார் கையில். அக்கா கையில் அடுப்பும் ஒரு தையல் மிஷினும்.

மாமியார் போனை வைத்ததும் எண்ணெய்த் தலையோடு லேப்டாப்பைத் திறந்தேன். அத்தானுக்குப் போன பட்டியலைப் பார்த்தேன். சூதாட்டம், கிரிக்கெட் பந்தயம், அந்நிய ஆண்களோடு பேசுகிற தளம், போதாக்குறைக்கு டிராக்டர் உதிரிபாகம். டிராக்டரைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. அந்த வீட்டில் டிராக்டர் கிடையாது, வாடகைக்குத்தான் கூப்பிடுவார்கள். நல்லவேளை, அதைப் போட்டு யாரும் அவளைத் திட்டவில்லை.

பட்டியல் போடும் அந்த மாட்யூலை அந்த வாரம்தான் மாற்றி எழுதியவன், சென்னையில் படித்துவிட்டு எங்களிடம் சேர்ந்த ஒருவன். திங்கட்கிழமை அவன் எழுதியதைத் திறந்து பார்த்தால், அட பாவி! அறைக்கு ஓர் அலமாரி கேட்கவே இல்லை. மண்டபத்து நடையில் ஒரே ஓர் அலமாரியை நட்டு வைத்து, ஊரே அதில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தது. ராத்திரி சீட்டாடியவன் யாரோ, காலையில் டிராக்டர் பார்த்தவன் யாரோ, யார் வீட்டுப் பட்டியலை எடுத்தாலும் எல்லாம் கலந்து வரும்.

“மேடம், என் லேப்டாப்ல கரெக்டா வந்துச்சே” என்றான்.

“ஒன் லேப்டாப்ல ஒரே ஒரு வீடுதான்டா இருக்கு. கலக்கறதுக்கு இன்னொரு வீடு வேணும்ல?”

“எல்லாத்துக்கும் பொதுவா ஒன்னு இருந்தா மெமரி மிச்சம்னு...”

மெமரி மிச்சமாம். குடவாசலில் எங்கக்கா சாப்பிடாமல் கிடக்கிறாள், இவனுக்கு மெமரி மிச்சம். என் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். உரக்கடைக்காரர் கீழேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றே நான் உட்கார்ந்து திருத்தினேன். வீட்டுக்கு ஓர் அலமாரி, மேனேஜர் கொடுத்த எண், அறை திறக்கும்போது சுத்தம், காலியாகும்போது சுத்தம். நான் எழுதியதில் எனக்குப் பெருமை அதிகம், அதை மறைக்கவும் மாட்டேன். பாய் எல்லா வாடிக்கையாளருக்கும் மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினார். சென்ற வாரப் பட்டியல் தவறு, இனிமேல் உங்கள் வீட்டுக் கணக்கு உங்கள் வீட்டுக்கு மட்டும் என்று.

அக்கா போனில் அழுதாள். நிம்மதியான அழுகைதான். “அப்ப அது நான் இல்லேன்னு இவங்களுக்கு நீயே சொல்லிடுவியா?”

“நான் எதுக்கு? அடுத்த ஞாயித்துக்கெழமை வர்ற லிஸ்ட்டே சொல்லும். அதுல இருக்கப்போறது நீ மட்டுந்தான்” என்றேன். எவ்வளவு வாய்!

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பட்டியல் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. சூதாட்டம் இல்லை. டிராக்டர் இல்லை. சமையல், ரவிக்கை வெட்டும் வீடியோ, பள்ளிக்கூடத் தளம், பாட்டு. அவற்றுக்கு நடுவில் இரண்டு வரி: ‘மறுமணத்துக்கு வரன் பார்க்கும் தளம்’, ‘விவாகரத்து வழக்கறிஞர்’. அதுவும் ஒரு தடவை போய் வந்தது இல்லை, தினமும்.

இந்த முறை மாமியார் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “இனிமே உங்க வீட்டுது மட்டும்தான் வரும்னு ஒங்க மொதலாளியே எழுதிட்டாரு. அப்பறம் என்ன பேச்சு? எம்புள்ளைய வேணாங்கிறா, வேற ஒருத்தன் கேக்குது அவளுக்கு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அத்தானிடமிருந்து எனக்கே செய்தி வந்தது. அடுத்த மாதம் ஊருக்கு வருகிறாராம், வந்து வக்கீலைப் பார்த்து முடித்துவிடுகிறாராம். அதுவரை அக்கா எங்கள் வீட்டில் இருக்கட்டும். மகளை அனுப்ப மாட்டார்கள், அவள் அப்பாயி வீட்டில்தான் இருப்பாள்.

அக்காவுக்கு அந்த மகள்தான் எல்லாம். நான் அன்று பஸ் பிடித்துப் போனேன். சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எம்பொண்ணு தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன்டி. அந்த மாதிரி ஒன்னு இருக்குன்னே எனக்குத் தெரியாது” என்றாள்.

“வேற யாராவது ஒன் போன எடுத்தாங்களா?”

“யாரு எடுப்பா? இந்த வீட்டுல அத்தையும் பாப்பாவுந்தான்.”

“வைஃபை பாஸ்வேர்டு யாருக்காச்சும்...”

“இல்லடி.”

அக்கா பொய் சொல்ல மாட்டாள். சொன்னாலும் அவளுக்கு வராது, கழுத்து சிவந்துவிடும். என் நிரலும் பொய் சொல்லாது, நான் வரிக்கு வரி பார்த்தாயிற்று. அந்த அறையிலிருந்து போகாத எதுவும் அந்த அலமாரிக்குள் வந்திருக்க வழியே இல்லை. இரண்டு பேரையும் நம்பினேன், இரண்டும் சேர்ந்து நிற்கவில்லை. “உண்மையைச் சொல்லுக்கா” என்று கேட்டும்விட்டேன். அவள் என் கையை விட்டுவிட்டு உலையைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் ரயிலில், தஞ்சாவூர் வரைக்கும் அந்தப் பட்டியலையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் அந்த இரண்டு வரியைத்தான் பார்த்தோம், நான் உட்பட. கடைசியில், யாரும் கவனிக்காத இடத்தில், ‘போக்குவரத்து’ என்று ஒரு வரி இருந்தது. தளத்தின் பேரைப் பார்த்தேன். துபாய் மெட்ரோ ரயில் அட்டைக்குப் பணம் போடுகிற தளம்.

குடவாசலில் இருந்துகொண்டு துபாய் மெட்ரோ அட்டைக்குப் பணம் போடுகிறவள் யார்?

சனியன், அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் வெட்டிய சுரங்கம்!

அத்தான் துபாய் போன புதிதில் வந்த விஷயம் அது. நாம் சாதாரணமாக வீடியோ கால் பேசுகிற செயலிகள் அங்கே ஓடாது, தடுத்து வைத்திருக்கிறார்கள். போனவர்கள் எல்லாம் ஏதாவது ஒரு குறுக்குவழி வைத்திருப்பார்கள். மகள் முகத்தைப் பார்க்கணும் என்று அத்தான் கேட்டார். அவர் போனிலிருந்து எங்கள் பெட்டி வரைக்கும் ஒரு வழி போட்டுக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் அதைச் சுரங்கம் என்போம். அதன் மறுமுனையை அக்கா வீட்டு அறைக்குள்ளேயே இறக்கினேன், ஒரே குடும்பம்தானே என்று. அதை முடுக்கிவிட்டால் அவர் போனில் செய்வதெல்லாம் துபாயில் அல்ல, குடவாசலில் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்து செய்த மாதிரி வெளியே போகும். “பேசி முடிச்சதும் அணைச்சுடுங்க அத்தான்” என்று படித்துப் படித்துச் சொன்னேன். “சரிம்மா” என்றார்.

அணைப்பாரா? போர் மோட்டாரைப் போட்டால் நிறுத்துகிற பழக்கம் அந்தக் குடும்பத்துக்கே கிடையாது. விவசாயத்துக்குக் கரண்ட் சும்மா வருகிறது, ஓடட்டும் என்று விட்டுவிட்டு மாமியார் சந்தைக்குப் போய்விடுவாள். வரப்பு வழிந்து ரோட்டில் தண்ணீர் நிற்கும். மகனும் சுரங்கத்தைப் போட்டதோடு சரி. அவர் துபாயில் தன் அறையில் படுத்துக்கொண்டு யாரைத் தேடினாலும் என் அக்கா பேரில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது என் அலமாரி.

பாயிடம் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, “லிஸ்ட்டு தப்பில்லேல்ல? அந்த வீட்டுலேருந்து போனது அந்த வீட்டுல வந்திருக்கு. குடும்ப விஷயத்துல கைய வைக்காதம்மா, வேணாம். எதையாவது தொட்டு எதாவது ஆயிடும்” என்றார். அந்த மனுஷருக்கு என்னைவிட உலகம் தெரியும். அப்போது எனக்குக் காது கேட்கவில்லை.

வேலை ஒன்றும் பெரிதில்லை. ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டம் சேர்த்தேன்: இது எந்த வழியாக அறைக்குள் வந்தது. வீட்டு வயர் வழியாக வந்தால் ‘வாசல்’. வெளியூர் போனிலிருந்து வந்தால் ‘சுரங்கம்’. அலமாரி கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். மேனேஜரிடம் புது அளவைச் சொன்னால் எல்லா அறைகளிலும் புது அளவில் போட்டுவிடுவார். பெட்டியில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். வாரம் முடிவதற்குள் எனக்கு வேண்டியது வந்துவிட்டது.

அடுத்த விடுமுறை நாளில் குடவாசல் போனேன். குறுவை அறுப்பு முடிந்து, மழையில் நனைந்த நெல்லை ரோட்டோரம் கொட்டிக் காய வைத்திருந்தார்கள். ஈரம் இருந்தால் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள். மாமியார் முட்டி வரை சேலையைச் செருகிக்கொண்டு நெல்லைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அவளோடு தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து நின்றாள். அக்காவின் துணிப்பெட்டி கட்டி நடையில் தயாராக இருந்தது. மகள் உள்ளே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், அல்லது படிப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“கூட்டிக்கிட்டுப் போக வந்துட்டியா?” என்றாள் மாமியார்.

“ஒங்க புள்ளைக்கு என் போன்ல கால் போடுறேன் அத்தை. நாலு வார்த்தை பேசிட்டுக் கூட்டிக்கிட்டுப் போறேன்.”

அத்தான் வீடியோவில் வந்தார். பின்னால் ரோட்டுச் சத்தம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “சொல்லும்மா” என்றார். பெரிய மனுஷத்தனமாக. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு எரிந்தது. மாமியார் காதில் விழட்டும், ரோட்டில் போகிறவர் காதிலும் விழட்டும் என்று, எழுதிக் கொண்டுபோன பட்டியலைச் சத்தமாகப் படித்தேன்.

“ரவிக்கை வெட்டுற வீடியோ, வந்த வழி வாசல். பள்ளிக்கூடம், வாசல். மறுமணத்துக்கு வரன், வந்த வழி சுரங்கம். விவாகரத்து வக்கீல், சுரங்கம். மறுபடியும் வரன், சுரங்கம். துபாய் மெட்ரோ அட்டை, சுரங்கம்.”

“சொரங்கம்னா என்னது?” மாமியார் கிண்டுவதை நிறுத்தினாள்.

“ஒங்க புள்ளையோட போனுங்க அத்தை. அங்கேருந்து அவரு இந்த வீட்டுக்குள்ள வந்து இறங்குற வழி. அவர் ஒருத்தரைத் தவிர அதுல வேற யாரும் வர முடியாது. எங்கக்காவால முடியவே முடியாது.”

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. “ஹலோ? ஹலோ? நெட்டு ஆடுது, சரியாக் கேக்கல.”

“நல்லாவே கேக்குது அத்தான். பின்னாடி போற பஸ்ஸோட ஹாரன் வரைக்கும் கேக்குது.”

கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு அவர் வாயைத் திறந்தார். திறக்காமலே இருந்திருக்கலாம்.

“நான் பாத்தேன்தான். அதுக்கு இல்ல... இவ பேர்லயும் அதே வந்துச்சே. சரி, இவளும் அதத்தான் தேடுறாபோலன்னு நெனச்சேன். ரெண்டு பேருக்குமே வேணாம்னா சுமுகமா முடிச்சுக்கலாம்னுதான் சொன்னேன். நான் ஒன்னும் தப்பா...”

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. தன் கையால் தேடிய பெண்களின் பட்டியலைப் பார்த்து, பெண்டாட்டியும் இதே வேலையாகத்தான் இருக்கிறாள் என்று நம்பின மனுஷனை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நல்லா வேணும் என்று வயிறு குலுங்கச் சிரித்தேன். ரோட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓர் ஆள் பார்த்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது.

அக்கா தார்ப்பாயைக் கீழே விட்டாள். போனுக்குக் கிட்டே வந்தாள்.

“நெசமாவே பாத்தீங்களா?”

“இப்ப அத எதுக்குக் கேக்குற?”

“பொண்ணு பாத்தீங்களா?”

“ஒம்மேல தப்பு இல்லேன்னு தெரிஞ்சுபோச்சுல்ல. அத்தோட விடேன்.”

“நான் இனிமே இங்க...”

“எல்லாம் பேசி முடிஞ்சிடுச்சு. அவங்க வீட்டுல வாக்குக் குடுத்தாச்சு. ஒம்மேல தப்பில்லேன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்றேன், போதுமா?”

நான் மாமியாரைப் பார்த்தேன். மகனைச் செருப்பால் அடிக்காவிட்டாலும் ஒரு வார்த்தை திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு, குனிந்து திரைக்குக் கிட்டே முகத்தை வைத்துக் கேட்டாள்:

“எந்த ஊருடா தம்பி? பொண்ணு வீட்டுல என்ன பண்றாங்க?”

நெல்லுக்குப் பக்கத்திலேயே நின்று பேசினார்கள், அம்மாவும் மகனும். மயிலாடுதுறைப் பக்கமாம். அப்பா இல்லாத பெண்ணாம். பேசி முடித்ததும் அவள் போனை என்னிடம் நீட்டினாள். நடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பேத்தியைப் பார்த்தாள். முந்தின வாரம் வரை உசிரே போனாலும் அனுப்ப மாட்டேன் என்று குதித்தவள்தான்.

“அதையும் கூட்டிக்கிட்டுப் போயிடு. வரப்போற எடத்துல ஒன்னும் சொல்லக் கூடாது பாரு” என்றாள்.

பிறகு வானத்தைப் பார்த்துவிட்டு, மழைக்கு முன்னால் மறுபக்கத்தையும் கிண்டிவிடப் போனாள்.

நீடாமங்கலம் பஸ்ஸில் மகள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நடுவில் அக்கா. நான் டிக்கெட் வாங்கும் வரை பொறுத்தேன். என்னால் அதற்கு மேல் முடியாது. “விடுக்கா, நல்லதுதான் நடந்துச்சு. ஒம்மேல ஒரு சொல் இல்லாம வெளியில வந்துட்ட. அந்த ஆள் கையும் களவுமா மாட்டிக்கிட்டான். நாளைக்கு ஒரு பய ஒன்ன ஒரு வார்த்தை சொல்ல முடியாது” என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ ஓர் ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“நான் தப்பு பண்ணினதாவே இருந்திருந்தா, வந்து ரெண்டு அடி அடிச்சிருப்பாரு. அத்தை ஒரு மாசம் மூஞ்சியக் காட்டியிருப்பாங்க. கால்ல விழுந்திருப்பேன். அப்பறம் சோறு போடச் சொல்லியிருப்பாங்க. எனக்குன்னு ஒரு எடம் அங்க இருந்திருக்கும்டி. நீ என்னை நல்லவளாக்கி வெளியில எடுத்து விட்டுட்ட.”

“அவன் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டான்க்கா. நான் படிக்காட்டியும்...”

“அது எனக்குத் தெரியாம இருந்திருக்கும்ல. தெரிஞ்சாலும், ரோட்டுல நிக்கிற ஆளுங்களுக்குத் தெரியாம இருந்திருக்கும்ல.” பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: “நீ ஏன்டி சிரிச்ச?”

நான் செய்தது சரி. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. ஒருத்தி செய்யாததை அவள் தலையில் போட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன். அந்தச் சிரிப்புக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

அடுத்த மாதம் அவர்கள் அந்த வீட்டு நெட்டை நிறுத்திவிட்டார்கள். புது மருமகள் வருகிற வீட்டுக்கு எங்கள் பெட்டி வேண்டாம் என்று கேபிள்காரரிடம் அத்தானே சொன்னாராம். அவருக்கு அதன் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது போலும், பாவம். அறை காலியானபோது என்ன நடக்க வேண்டுமோ அது நடந்தது. கெர்னல் என் மாட்யூலைக் கூப்பிட்டது. மாட்யூல் அலமாரியைத் துடைத்தது. கெர்னல் அந்த இடத்தை வாங்கிக்கொண்டது. ஓர் எழுத்து மிச்சமில்லை, ஒரு பிசகு இல்லை. நான் எழுதியதிலேயே சுத்தமாக ஓடிய பகுதி அதுதான். பாய் பட்டியல் அனுப்புவதை இன்னும் நிறுத்தவில்லை. அந்தப் புதுக் கட்டம் மட்டும் இப்போது எந்த வாடிக்கையாளருக்கும் போவதில்லை. சுரங்கம் போட்டுக்கொண்ட மற்றப் புருஷன்மார்கள் நிறையப் பேருக்கு அது பிடிக்கவில்லை என்றார்.

அக்கா எங்கள் வீட்டு முன்னறையில் தைக்கிறாள். மகள் இங்கேயே பள்ளிக்கூடம் போகிறாள். அக்கா என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள், சோறு போடுகிறாள், மழை வந்தால் என் துணியையும் சேர்த்து எடுக்கிறாள். வாடிக்கையாளருக்கு மாடல் காட்ட வேண்டியிருந்தால், போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நிற்கிறாள். அங்கேதான் அவளுடைய சிம்முக்கு டவர் கிடைக்கிறது. எங்கள் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை அவள் இதுவரை என்னிடம் கேட்கவில்லை.